காந்தமேறிப்போன கடைசிப் போத்தல்

என்ட அன்பான, ஒருநாளும் சொல்லுக் கேளாத றிஸ்வி மச்சானுக்கு,

அல்லாஹ் உன்ட கபுறுக்குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். துஆ கேட்டுட்டன், இனி ஏச்சுத்தான்.

நீ அரைச்சு வெச்சிட்டுப்போன, காந்தம் செய்யிற தூள்ல கடைசிப் போத்தலை நேத்து எடுத்தன். நாம கம்பஸ் லெப்ல கிடந்து மாரடிச்சது எதுக்கு? அந்தத் தூளின்ட ஒவ்வொரு துணிக்கைக்கும் மேலால மெல்லிசா இரும்பு பூசி, பலமான காந்தமொண்டு செய்யத்தானே? உள்ள இருக்கிற தூள் பிடிவாதக்காரன், ஏத்தின காந்தத்தின்ட திசையை விடமாட்டான். மேல இருக்கிற இரும்பு பலத்தைக் கூட்டும். பூச்சு தடிச்சா ரெண்டும் ஒத்துப்போகாது எண்டு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவன் நீ.

பாதியைக் கரைசல்ல கொட்டினன். கட்டி கட்டியாத் திரண்டுட்டு! எவ்வளவு கலக்கியும் பிரியுதில்ல, கட்டிக்கு வெளியால மட்டும்தான் இரும்பு படுது. யா அல்லாஹ், நீ முன்னமே தூளுக்குக் காந்தமேத்தி வெச்சிருக்காய்! பூசி முடியுமுன்னம் ஏத்தினா ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொள்ளும் எண்டு லெப் சுவர்ல எழுதி ஒட்டினதும் நீதானே? உனக்கென்ன விசராடா?

இண்டைக்கு மருதமுனையில உங்கட ஊட்டுல உன்ட பேருல ஓதுற கத்தம். ஆக்களெல்லாம் சாப்பிட்டுப் போனாப்பொறகு, பொறுக்கேலாம உன்ட உம்மாக்கிட்டச் சொல்லிப்போட்டன்.

“நான்தான் அவனிட்டக் கேட்டன் மகன்,” எண்டா உம்மா. “இந்தக் கரித்தூளுக்கா ஊட்டுக்கும் வராமக் கிடக்காய் எண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை கொஞ்சம் கொண்டுவந்து அலுமாரியில ஒட்டிக் காட்டினான்.”

பாத்தன். இரும்பு அலுமாரிக் கதவுல சின்னப் பொலித்தீன் பொட்டலம், இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கு.

ஏன்டா, அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் ஏத்தினாப் போதாதா? முழுப் போத்தலையுமா போடுவாய்? நான் இப்ப யாரைப் பிடிச்சு ஏச? மௌத்தானவனோட சண்டை பிடிக்கிறது பெரிய கரைச்சல் மச்சான். நீ ஒரு வார்த்தை திருப்பிக் கதைக்கிறாயில்ல.

மிச்சப் பாதியைச் சூளையில நல்லாச் சூடாக்கினா ஏறின காந்தம் போயிடும், தூளுக்கு ஒண்டும் ஆகாது. ஓம், தெரியும். ஆனா உன்ட கையால ஏத்தினதை நான் எப்பிடி அழிக்க? அதுக்கு மனசு வருகுதில்ல.

வெளிக்கிடக்குள்ள உம்மா அந்தப் பொட்டலத்தைக் கழட்டி என்ட கையில வெச்சா. “வேலைக்கு உதவும், கொண்டு போ மகன்.” வாங்கி, திரும்ப அதே இடத்துல ஒட்டிப்போட்டு வந்திட்டன்.

நாளைக்குப் போத்தலைச் சூளையில வைக்கிறன். நீ சொன்ன மெல்லிசுல பூசி முடிப்பன், இன்ஷா அல்லாஹ். உன்ட கையால ஏத்தினதுல அலுமாரியில இருக்கிறதை மட்டும் ஒருத்தரும் தொடமாட்டம்.

கோபம் இன்னும் ஆறாத,
உன்ட உம்மாட மத்த மகன்,
நிஸ்பர்