வினாக்கொத்தில் சேராத உன் பதில்

இன்று காலை பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, போட்டோக்கொப்பிச் சூடு ஆறாத தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தாதியரின் பணியிட வலுவூட்டல் பற்றிய வினாக்கொத்து. அந்தத் தாளின் மணம் மூக்கில் ஏறியதும், ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் மெல்ல அசைந்ததுபோல் இருந்தது. நீ வந்துவிட்டாய். "சூட்டோடை குடுக்கோணுமடி. ஆறினா வடை மாதிரி, ஒருத்தியும் தொடமாட்டாள்" என்று சொல்லிக்கொண்டு.

நாம் இருவரும் ஒரே வார்டில் தாதியராய் இருந்தபோது, பட்டப்படிப்புக்காக நீயும் இப்படியோர் ஆய்வைச் செய்தது ஒரு மழைக்காலத்தில். கடலும் வானமும் ஒரே நிறமாய்க் கிடந்த நாட்கள். 'இந்த வார்டில் என் கருத்துக்கு மதிப்பு உண்டு' என்பதுபோல வசனங்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். ஐந்து என்றால் முழுச் சம்மதம். நீ தாள்களைக் கொடுத்துவிட்டு அங்கால் போனதும், நம்மவர்கள் எதையும் செய்வதுபோலவே இதையும் செய்தார்கள். பிளேன்ரீக் கோப்பைகளோடு மேசையைச் சுற்றி இருந்து, கூடிக் கதைத்து நிரப்பினார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் அக்காதான் தீர்ப்புச் சொன்னா: "எல்லாரும் நாலு போடுங்கோ. மூண்டு போட்டா வார்டு சிஸ்டருக்கு மனம் நோகும். அஞ்சு போட்டா பொய்யெண்டு தெரிஞ்சிடும்."

எல்லாத் தாளிலும் நாலு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உனக்கு அழுகை வந்துவிட்டது. "உந்தக் கணக்குப்படி, இலங்கையிலையே சந்தோஷமான நேர்ஸ்மார் நாங்கள்தான்" என்றாய். பிறகு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, புதுத் தாள் எடுத்து, ஒவ்வொருத்தியாகத் தனியே கூட்டிப்போய் எழுத வைத்தாய். அப்போதுதான் உண்மை மெல்ல மெல்ல வெளியே வந்தது.

அந்த நாட்களில் உனக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் இரவு டியூட்டி செய்துகொண்டேயிருந்தாய். யாரிடமும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்குப் பயம். உன்மேல் கோபமும்தான். ஒரு பின்னேரம் கடற்கரையில் மிச்சத் தாள் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு, "இப்ப நான் கேக்கிறன், நீ சொல்லு" என்றேன்.

"ஆய்வு செய்யிறவள் நிரப்பக்கூடாதடி. அது கணக்கிலை வராது."

"கணக்கு ஆருக்கு வேணும்? எனக்குச் சொல்லு."

முதல் வசனத்துக்கு "நாலு" என்றாய். ஒருவரையொருவர் பார்த்தோம். உனக்கு இருமல் வரும்வரை சிரித்தோம். மழை விட்ட வெளிச்சத்தில் கப்பல்கள் தூங்குவதுபோல் நின்றன. பிறகு அந்த வசனத்தை வாசித்தேன்: 'என்னால் இயலாத வேலையை இயலாது என்று சொல்ல எனக்கு முடியும்.'

ஒரு வள்ளம் தொழிலுக்குப் போனது. அதன் இயந்திரச் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஒண்டு போடு" என்றாய் கடைசியில். "எனக்குச் சொல்லத் தெரியாதடி. பயமாக் கிடக்கு."

அடுத்த நாள் இருவருமாகத் தாதியருக்குப் பொறுப்பான மேற்றனிடம் போனோம். நான் கதவடியில் நின்றேன். "மேற்றன், எனக்கு இனி நைற் டியூட்டி ஏலாது" என்றாய். மேற்றன் நிமிர்ந்து பார்த்தா. "ஏன் பிள்ளை, இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றபடியே இரவுப் பட்டியலில் உன் பெயரை வெட்டிவிட்டா. அவ்வளவுதான். அது அவ்வளவு சுலபமாய் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதற்குப் பிறகு உனக்கு இருந்தது கொஞ்சக் காலம். அந்த இரவுகளிலாவது நீ உன் வீட்டில் தூங்கினாய்.

உன் ஆய்வு நூலில் எல்லோருடைய பதிலும் இருக்கிறது, உன்னுடையதைத் தவிர. அது என்னிடம் இருக்கிறது. இப்போது இரவு டியூட்டிப் பட்டியல் போடுகிறவள் நான். பெயர் எழுதுமுன் ஒவ்வொருத்தியையும் கேட்பேன். உடனே "ஓம் சிஸ்டர், ஏலும்" என்பார்கள். அந்த முதல் ஓமை நான் எழுதுவதில்லை. கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

நேற்றுக் கிளிவெட்டியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "ஏலாது சிஸ்டர்" என்றாள். ஏன் என் கண் கலங்கியதென்று அவளுக்கு விளங்கவில்லை.

"சொன்னியே பிள்ளை, அது காணும், அதே போதும்" என்றேன். உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது, கதவடியில் நின்ற எனக்கு வாயில் வராமல் போனது, அதுதான்.