மல்லேஷின் ஆறு பெட்டிகள்

13.6.05 திங்கள்
காலையில் தூறல். குஷாய்குடா பட்டறைக்குக் கரண்ட் பத்து மணிக்குத்தான். நம் முதல் ஏற்றுமதி: ஜெர்மனிக்கு ஒயர் இணைக்கிற பித்தளை டெர்மினல், ஆறு மரப்பெட்டி. வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் கன்டெய்னர் டிப்போவில் சேர வேண்டும். தவறினால் ஆர்டர் ரத்து என்று முதலிலேயே எழுதிவிட்டார்கள்.

பெட்டிகள் கரடுமுரடாக, அழுக்காக. வெளிநாட்டுக்குப் போகிறதே, லட்சணமாக இருக்கட்டும் என்று நீல எனாமல் இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். ஃபிட்டர் யாதகிரி குங்குமமும் வைத்தார். கல்யாணக் களை.

மாலை உற்பத்தியாளர் சங்கத்தில் ஏற்றுமதி வகுப்பு. போகவில்லை. சமோசா தின்ன எனக்கு ஏது நேரம்.

15.6.05 புதன்
புழுக்கம். டிப்போவில் பெட்டிகளைத் திருப்பிவிட்டார்கள். மரத்தைச் சூடுபண்ணிப் பூச்சி கொன்றதற்கான முத்திரை ஒவ்வொரு பெட்டியிலும் தெரிய வேண்டுமாம். முத்திரை இருந்தது. என் எனாமலுக்கு அடியில். தின்னர் போட்டுத் தேய்த்தோம். பெயின்டோடு முத்திரையும் போனது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான்.

புதுப் பெட்டிக்கு நாலு நாள் ஆகுமாம். பெரிய கம்பெனி வேலையை விட்டு வந்தது இதற்குத்தானா?

வெட்கத்தை விட்டுச் சங்கச் செயலாளர் ஜெயராமுக்கு போன். லாலாகுடாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் இந்த ஊர் உருது கலந்து வரும். வகுப்புக்கு வராததைக் குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன்.

"டென்ஷன் நக்கோ சார். போய் டீ சாப்பிடுங்க. நம்ம மெம்பருங்கள ஒவ்வொருத்தரா கேக்கறேன்."

16.6.05 வியாழன்
ஜெ. காலையிலிருந்து உறுப்பினர் பட்டியலும் கையுமாக. முத்திரைப் பெட்டி இருப்பது ஒரே ஒருவரிடம்: மல்லேஷ். இரண்டு தெரு தள்ளி, அதே டெர்மினல் செய்பவர். இதே ஜெர்மன் ஆர்டருக்கு விலைப்புள்ளி கொடுத்து என்னிடம் தோற்றவர். போச்சு, அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஆட்டோ டிராலியில் ஆறு பெட்டி. பின்னாலேயே மல்லேஷ், இரண்டு ஆட்களோடு. போன வருஷம் தன்னுடைய சரக்குத் தாளில் தவறு வந்தபோது சங்கம்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து திருத்திக் கொடுத்தது என்று தெலுங்கில் சொன்னார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவரும் பெட்டி கட்ட உட்கார்ந்தார். யாதகிரிக்கு எதிரிலேயே அழுதுவிட்டேன்.

17.6.05 வெள்ளி
நல்ல மழை. பெட்டிகளின் ஒரு பக்கத்தில் மல்லேஷ் கம்பெனிப் பெயர், போன் நம்பர், கறுப்பு மையில் பெரிதாக. நேற்று அவசரத்தில் கவனிக்கவில்லை. அவரே காலையில் உப்புத்தாள் கொடுத்து ஆள் அனுப்பியிருந்தார், சுரண்டிவிட. முத்திரை வேறு பக்கம். சுரண்டினால் ஒன்றும் கெடாது. வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன்.

11.20க்கு டிப்போவில் எடுத்துக்கொண்டார்கள். அப்பாடா. ஜெ.க்கு போன். நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த லைனில் வேறு யாருக்கோ அவசரம் என்று வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி சுமதிக்குக் கவலை. "அந்தப் பேரப் பாத்துட்டு ஜெர்மன்காரன் அடுத்த ஆர்டர அவருக்குக் குடுத்துட்டா?"

கொடுத்தாலும் கொடுப்பான். எனக்கும் பயம்தான். பெட்டி அவருடையது, பெயரும் இருக்கட்டும் என்றேன்.