பதினோராம் நாள் படம்

பேசாலை
14.08.2025

சுஜன் அவர்களுக்கு மேரிசெல்வி எழுதிக்கொள்வது. நானும் மகள் பெற்றிசியாவும் சுகம். உங்கட சுகம் மாமி சொல்லித் தெரியும், ஆகவே கேட்கவில்லை.

பிள்ளையின் மூன்றாவது ஒப்பரேசனும் தவக்காலத்தில் கொழும்பில் நல்லபடி முடிந்தது. உற்றுப் பார்த்தால்தான் தையல் அடையாளம் தெரியும். நீங்கள் டிசம்பரில் பத்து நாள் லீவில் நத்தாருக்கு வருவதாகவும், டோகாவில் கூட வேலை செய்கிற பெடியளுக்குக் காட்ட மகளின் புதுப் படம் வேண்டுமென்றும் மாமியிடம் கேட்டீர்களாம். ஐந்து வருசமாகக் கேட்காத படம்.

உதடு பிளந்து பிறந்த பிள்ளையை நீங்கள் பார்த்தது பதினொரு நாள். போகும்போது, "முகம் சரியானாப் பிறகு படம் அனுப்பு, அதுவரைக்கும் வேண்டாம்" என்றீர்கள். எனக்கு இன்னும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. அண்ணமும் திறந்திருந்தபடியால் குடித்த பால் மூக்கால் வரும். நிறை ஏறினால்தான் ஒப்பரேசன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கரண்டியால் சொட்டுச் சொட்டாகப் பருக்கி, கிழமைக்குக் கிழமை கிளினிக் தராசில் வைத்து மாதாவை மன்றாடினேன்.

மாமி, உங்கட அம்மா, என்னைச் சொன்னது கொஞ்சமா? வயிற்றுப் பிள்ளையோடு கிரகண நேரம் கத்தி பிடித்தவள் என்று கோயில் வாசல் வரைக்கும் சொல்லித் திரிந்தா. நத்தாருக்கு அடுத்த நாள் காலை, சூரியன் வளையமாகத் தெரிந்த நேரம், பாரை மீனோடு கரையிலிருந்து வந்து, பழுதாகமுதல் உடனே வெட்டு என்று நின்றது யார்? மாமி ஏசும்போது நீங்கள் வாய் திறக்கவில்லை. நானும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் நிற்க, மாமியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இனி வாங்கிக் கட்டுவது உங்கட முறை.

உதடு பொருந்துவது வயிற்றில் முதல் இரண்டு மாதத்துக்குள், கிரகணம் வந்தது ஏழாம் மாதம், ஒருவரிலும் பிழையில்லை என்று டொக்டர் எனக்கு எப்போதோ விளங்கப்படுத்தினவர். அதை மாமிக்கு நான் சொல்லவில்லை. வேணுமென்றால் நீங்களே வந்து சொல்லுங்கோ.

கேட்ட படம் உள்ளே இருக்கிறது. பதினோராம் நாள், நீங்கள் எயார்போட் வானில் ஏறிப் போன பிறகு எடுத்தது. போனில் அனுப்பினால் அழித்துவிடுவீர்கள் என்றுதான் ஸ்ரூடியோவில் கழுவித் தபாலில் போடுகிறேன். பெடியளுக்கு இதைக் காட்டுங்கோ. புதுப் படம் தரமாட்டேன்.

இன்னொன்று. அண்ணம் தைத்த பிள்ளைக்கு 'ப' லேசில் வராது, காற்று மூக்கால் போய்விடும். 'அம்மா' தானாக வந்தது. பேச்சுப் பயிற்சி மிஸ் காட்டினபடி பாய், பாப்பா, பப்பாசி என்று ஒரு வருசம் பழக்கி, இப்போது தெளிவாகச் சொல்கிறாள். 'அப்பா' மட்டும் நான் பழக்கவில்லை. வேணுமென்றேதான் பழக்கவில்லை.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்தச் சொல்லைப் பழக்கப் பத்து நாள் லீவு போதாது. கூட நாள் எடுத்துக்கொண்டு வாங்கோ.

இப்படிக்கு,
பெற்றிசியாவின் அம்மா