மரியாதை தெரிந்த ரவுடி

அன்புள்ள அம்மாவுக்கு, சென்னையிலிருந்து லோகப்பிரியா. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் தறிச் சத்தத்தில் உங்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி நகைச்சுவைக் குழு, ரவுடிப் பாட்டுகளைக் கேலி செய்து ஒரு வீடியோ எடுக்கிறது. எழுதிய வசனம் கிடையாது, வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். நான்தான் ரவுடி. அட்டைக் கத்தியை ஓங்கி, "ஏனுங்க, தள்ளி நில்லுங்க, வெட்டிப்போடுவேனுங்க!" என்று மிரட்டினேன். வெட்டுப்பட வேண்டியவனே சிரித்து உட்கார்ந்துவிட்டான்.

என் பேச்சுக்காகவே இப்போது ரவுடிக்கும் நம் சோமனூர்தான் சொந்த ஊர் என்று மாற்றிவிட்டார்கள். பாட்டுக்குத் தாளமாகத் தறிச் சத்தம் வேண்டுமாம். நம் தறி ஓடுவதைப் போனில் பதிந்து அனுப்புங்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பாட்டுக்கு அரை நிமிடம் போதும். நீங்கள் ஒரு மணி நேரமாவது அனுப்புங்கள், மீதி நான் தூங்கும்போது கேட்க.