ஊசிப் பதிவேட்டில் என் கையெழுத்து

மாணவியர் விடுதி,
விழுப்புரம்,
24.11.2018, சனிக்கிழமை.

அன்புள்ள கிளாரா அக்காவுக்கு,

பிரியா எழுதுகிறேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய், கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். கேட்டு நிம்மதியாக இருந்தது.

அப்பா இப்போது விடுதிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மாடி ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நாளைய உன் வளைகாப்புக்கு என்னை அழைத்துப்போக வந்தவரிடம், வரவில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டேன். கீழே இறங்கவும் இல்லை. "அக்கா வளைகாப்புக்கே வரலன்னா அங்க நான் இன்னான்னு சொல்லிக்கினு நிக்கிறது?" என்றார். அரை மணி நேரம் இருங்கள், ஒரு கடிதம் தருகிறேன் என்றேன். அவர் மடியில் மஞ்சள் பை இருக்கிறது. அம்மா மல்லாட்டைக் கடலை அவித்துக் கொடுத்திருப்பாள்.

அவரிடம் பரீட்சை என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். உண்மையைப் போனில் சொன்னால் நீ வழக்கம்போல ஸ்பீக்கரில் போடுவாய், வீடே கேட்கும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் திண்டிவனத்தில் கர்ப்பிணிகள் வரிசையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாயே, நினைவிருக்கிறதா? "பிரியா, ஃப்ளூ ஊசின்னு போடறாங்க. போட்டுக்கலாமாடி?" என்று கேட்டாய். நான் அப்போது கேன்டீனில் இருந்தேன். எங்களுக்கும் அதே ஊசி அன்றுதான் வந்திருந்தது. சுற்றியிருந்த எல்லோரும் அதைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் வார்டில் எல்லோருடைய இருமலையும் வாங்குகிறோம், நம்மைப் பார்த்தால் கிருமிக்கே சலித்துப்போயிருக்கும் என்றான் ஒருவன். போட்டுக்கொண்டால்தான் காய்ச்சல் வரும், இரண்டு நாள் படிப்பு போய்விடும் என்றாள் ஒருத்தி. பாடத்தில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குத் தேர்வில் ஐந்துக்கு நாலரை வாங்கியவள் நான். ஆனால் உனக்குத்தான் என்னைத் தெரியுமே. நம் ஊர் ஒலக்கூர் வந்தும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் நடந்து வந்தவள்தானே.

"எங்க கிளாஸ்லயே யாரும் போட்டுக்கலக்கா" என்று மட்டும்தான் சொன்னேன். நீ வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாய்.

டாக்டருக்குப் படிக்கிற பொண்ணே வேணான்னுடுச்சி என்று உன் மாமியார் லூர்துமேரி அத்தை தெரு முழுக்கச் சொன்னதாக அப்புறம் சொன்னாய். அதைக் கேட்டு, மாசமாக இருக்கும் எதிர்வீட்டு அஞ்சம்மாளும் போட்டுக்கொள்ளவில்லையாம். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. என் பேச்சைக் கேட்டும் நாலு பேர் நடக்கிறார்களே என்று.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வகுப்புக்கு வராதவருக்கு, வந்ததாக இன்னொருவர் கையெழுத்துப் போடுவது. பிராக்ஸி என்போம். ஊசிக்கு வந்த பதிவேட்டிலும் என் அறைத்தோழி சங்கவி அவளுக்கும் எனக்குமாகச் சேர்த்துப் போட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டவர்கள் அடுத்த அறைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் சாப்பிடப் போய்விட்டோம்.

பத்து நாளைக்கு முன்னால் வார்டுக்கு ஒரு அம்மா வந்தார். வல்லம் பக்கம். உன் வயதுதான், உனக்கு ஆகும் அதே ஏழு மாதம்தான். ஃப்ளூ காய்ச்சல் முற்றி மூச்சு விட முடியவில்லை. இரண்டு கை நிறைய வளைகாப்பு வளையல். கையில் மருந்து ஏற்ற வேண்டுமென்று சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொன்றாக நான்தான் கழற்றினேன். ஒன்றுகூட உடையக் கூடாது என்று அவர் கண்ணாலேயே சொன்னார். உடையவில்லை. கவரில் போட்டு அவர் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அந்த அம்மாவைப் பற்றி இதற்கு மேல் உனக்கு எழுத மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சங்கவிக்குக் காய்ச்சல் கண்டது. அதே காய்ச்சல்தான். இப்போது தனி அறையில் இருக்கிறாள், தேறிவிடுவாள். நான் வியாழக்கிழமை ஊசி அறைக்குப் போய் நின்றேன். அங்கே பொறுப்பில் இருந்த பாண்டுரங்கன் சார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, நீதான் போட்டுக்கொண்டாயே என்றார். அது என் கையெழுத்து இல்லை சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊசிக்குமா பிராக்ஸி போடுவீங்க?" பின்னால் நின்ற ஜூனியர்கள் சிரித்தார்கள். இந்த முறை நான் அங்கிருந்து நகரவில்லை. மிச்சமிருந்த மருந்தில் எனக்குப் போட்டார்.

கை ஒருநாள் வலித்தது. அவ்வளவுதான் அக்கா. இதற்காகவா இத்தனை சிரித்தோம்.

ஆனால் அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். சங்கவியோடு ஒரே அறையில் படுத்தவள் நான். காலையிலிருந்து தொண்டையும் கொஞ்சம் கரகரக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே. வளைகாப்பைத் தள்ளிப்போடச் சொல்லவும் முடியாது; அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடுகிறது, அப்புறம் கிறிஸ்துமஸ் வரை விசேஷம் எதுவும் வைக்க மாட்டார்கள். போன வருஷம் உனக்குக் கரு கலைந்த பிறகு, இந்த முறை உன் கன்னத்தில் முதல் சந்தனம் நான்தான் பூசுவேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். ரயிலேறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இருந்துகொண்டு வராமல் இருக்கிறேன். நீ நம் வீட்டுக்கு வந்து, நாம் இரண்டு பேரும் படுத்திருந்த கட்டிலில் நாளை தனியாகப் படுப்பாய். ஜன்னல் பக்கம் என்னுடையது, ஞாபகம் இருக்கட்டும்.

பச்சை வளையல் ஒரு டஜன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கழுவித் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். நீயும் ஒருமுறை கழுவிவிட்டுப் போட்டுக்கொள். இதை எழுதும்போதும் முகத்தில் மாஸ்க் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். போய் ஊசி போட்டுக்கொள் அக்கா. அஞ்சம்மாளுக்கும் சொல்லி அனுப்பு. பிரியா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று அத்தையிடம் என் பேரைச் சொல்லியே சொல். தெரு முழுக்கச் சொல்லட்டும்.

போட்டுக்கொண்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். நான் எடுக்க மாட்டேன். மணி அடித்து ஓயும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்கிறார். இந்த ஜன்னலைத்தான் பார்க்கிறார்.

மாதா உன்னையும் உள்ளே இருக்கும் உயிரையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். நான் வந்து தொடும்வரை பத்திரமாக இரு.

உன் வளையல் சத்தத்தை நாளை முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும்,
தங்கை,
சகாய பிரியா.