துடைத்த கை

மார்ச் 3, திங்கள்

இன்றும் விசைப்பலகையைத் தொட்டதும் குமட்டியது. எண்டர் பட்டனில் எண்ணெய்ப் பிசுக்கு, இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள். மத்தியான ஷிஃப்டுக்கு என் நாற்காலியில் உட்காருகிற புதுப் பெண்ணின் கைங்கரியம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவளுக்குச் சுத்தம் சொல்லித்தர வேண்டுமா? அவளுக்கு நான் வைத்த பெயர் பிசுக்கு. கம்ப்யூட்டரைப் போட்டதும் வழக்கம்போல ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன்.

மார்ச் 5

கேட்காமலே உதவிப் பக்கம் திறந்து நிற்கிறது. எதையோ நோண்டி வைத்திருக்கிறாள்.

மார்ச் 6

நாற்பது பேரின் சர்க்கரை அளவை அடித்து நிமிர்ந்தால் திரையில் கட்டமெல்லாம் காலி. பதினெட்டு வருடமாக வலப்பக்க எண் பட்டன்களில் திரையைப் பார்க்காமல் அடிக்கிறவள் நான். எனக்கா இது? மேல்வரிசை எண்களைத் தேடித் தேடி மறுபடி அடித்தேன். முடிவு கொடுக்கும் ஜன்னலில் காத்திருந்தவர்களின் சத்தம்.

மார்ச் 10

பிசுக்கு சீக்கிரமே வந்து ஒரு தாளை நீட்டினாள். "அக்கா, எஃப் பட்டன்லாம் எதுக்குன்னு எழுதியிருக்கேன். நம்லாக்ங்கிற பட்டன் பத்தியும்..."

எனக்கே பாடம். தாளின் ஓரத்தில் விரல் தடம் வேறு. "அங்கயே வை" என்றேன். அவள் போனதும் இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டேன். சீ.

மார்ச் 13

மறுபடி காலி. முடிவுக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்த கர்ப்பிணி ஒருத்தி வரிசையிலேயே மயங்கிச் சரிந்தாள். கூடத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் நேரே போனேன். "அவதான் மேடம் மெஷின நோண்டுறா." எழுதியும் கொடுத்தேன்.

மார்ச் 14

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். விட்டது தொல்லை.

மார்ச் 18

விசைப்பலகை பளிச்சென்று இருக்கிறது, என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. இன்றும் காலி. என்ன இது?

மார்ச் 20

வீட்டில் அவர் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். விசைப்பலகை அழுக்காகத் தெரிந்தது, குறுக்கே கையை விட்டுத் துடைத்தேன்.

"ஏய், நம்லாக் பட்டன அமுக்கிட்ட. எண்ணே விழல பாரு. எஃப் ஒன்னையும் தேச்சா உதவிதான் வந்து நிக்கும், வேற என்ன வரும்?" என்று சிரித்தார்.

நம்லாக் என்கிற அந்தப் பூட்டைப் போட்டிருந்தால்தான் வலப்பக்கப் பட்டன்களில் எண் விழுமாம். இல்லாவிட்டால் வெறும் அம்புக்குறி. அதற்கு ஒரு விளக்கு உண்டாம். எங்கள் கூடத்தில் அது செத்து எத்தனை நாளோ. நான் பார்த்ததே இல்லை.

நான்தானா? ஒவ்வொரு தடவையும் நான்தானா? ஐயோ, அந்தப் பொண்ண என்ன பண்ணிட்டேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 21

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் போன் செய்தார். அவள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாளாம்.

மார்ச் 24

வேலை பார்த்ததற்கான சான்றிதழ் வாங்க அவள் வந்தாள். தப்பு என்னுடையது என்றேன்.

"தெரியும்க்கா. பல நாள் மத்தியானம் வந்து நான்தான் நம்லாக்கத் திரும்பப் போடுவேன். அதத்தான் எழுதிக் கொடுத்தேன்."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. அப்புறம் நீங்க கழுவணும்."

கோபமாகச் சொல்லவில்லை.