ஆல்டனுக்கு வந்த தபால்

பேர்ல் ஹார்பர், 1943

அன்புள்ள வினிஃப்ரெட்,

நீயும் குழந்தையும் நலம்தானே? அப்பாவின் இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றுத்தான் எங்கள் நீர்மூழ்கி கரை சேர்ந்தது. பாண்டு வாத்தியம், கூடை கூடையாக ஆரஞ்சு, மூன்று ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்ததற்காக எனக்கு இன்னொரு பதக்கம். பதக்கத்தைப் பற்றி ஊரில் மூச்சு விடாதே.

கல்லூரித் தொடரோட்டத்தில் நான் மூன்றாவதாக ஓடி ஆல்டன் கையில் தடியைக் கொடுப்பேனே, நினைவிருக்கிறதா? இந்த முறையும் என் கடற்பகுதியை அவன் நீர்மூழ்கியிடம்தான் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நான் கலைத்துவிட்ட குளவிக்கூட்டுக்குள் அவன் போனான். அதன்பின் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

கடற்படை இன்னும் எதையும் அறிவிக்கவில்லை. தபால் பிரிக்கும் மாலுமி, ஆல்டனுக்கு வந்த கடிதக் கட்டை என்னிடம் நீட்டினான்.

"நீங்களே வச்சுக்குங்க, கேப்டன். எங்ககிட்ட இருந்தா முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிடுவோம். காணோம்னு கடற்படை அடிக்கிற தந்திக்கு முன்னாடி அதுதான் அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கும்."

வாங்கிக்கொண்டேன். எல்லாம் அவன் மனைவி கோரினின் கையெழுத்து.

சவரம் செய்ய ஒரு கண்ணாடி அனுப்பு. பழையது ஒரு குலுக்கலில் உடைந்துவிட்டது. புதியதைக் குழந்தையின் பழைய சட்டையில் சுற்றி அனுப்பு. சட்டையைத் துவைக்க வேண்டாம்.

தணிக்கைக்காரர் கண்ணில் படாமல் இருக்க, விடுப்பில் ஊருக்கு வரும் எங்கள் தள டாக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கோரின் உன் பக்கத்தில்தான் உட்காருவாள். தன் கடிதங்கள் போய்ச் சேருகின்றனவா என்று கேட்பாள். சேருகின்றன, ஒன்றுகூடத் தொலையவில்லை என்று சொல்.

உன்,
வாரன்